கீழ்ப்பாதி செத்த திரை

செக்காலை ரோட்டில் எங்கள் கடைக்கு
ஒரு வியாழக்கிழமை வந்து சேர்ந்தது அந்த போன்.
தேனம்மை. சீட்டுக் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள்.
பஸ் படியில் நழுவிவிட்டதாம்.
மேல்பாதியில் உயிர் இருந்தது, கீழ்ப்பாதி கரும்பலகை.
“சனிக்கிழமைக்குள்ள வேணும்” என்றாள்.
ரசீதில் எழுதினேன்:
டிஸ்ப்ளே. முன்பணம் ஐந்நூறு. சேவுகன்.

திரையைச் சோதிக்க ஏதாவது ஓட வேண்டும்.
கண்ணில் பட்டதைத் தட்டினேன்.
ஏதோ ஜப்பான் கார்ட்டூன், முதல் எபிசோடு.
எழுத்து ஓடுகிற இடம்தான் செத்துப்போன இடம்.
யார் என்ன பேசினார்கள், தெரியாது.

பனி பெய்கிறது, கீழிருந்து மேலே.
ஒருத்தி தாழ்வாரத்துக் கூரையின் அடிப்பக்கத்தைத்
துடைப்பத்தால் பெருக்குகிறாள்,
நேற்றும் பெருக்கியவளின் அலுப்போடு.
அவளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.
அங்கேதான் நான் விழுந்தேன்.

டிராகனைக் காட்டவில்லை.
கொடியில் காய்ந்த துணிகள்
ஒரு கணம் இருண்டு மறுபடி வெளுத்தன.
நாய் எழுந்துபோய் அடுப்புக்குப் பின்னால் படுத்தது.
கடைசியில் யாரோ கதவைத் தட்ட,
அவள் திறக்காமல், மரத்தில் நெற்றியை வைத்து
ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.
“போய்விடு” என்று நானாக வைத்துக்கொண்டேன்.

இரண்டாவதில் ஒன்றுமே நடக்கவில்லை.
ஒற்றைக்கண் சமையல்காரன் ஒருவன்
வெங்காயம் அரிகிறான், அரிகிறான்,
வாய் ஓயாமல் பேசிக்கொண்டே.
உப்புப் போட்டதும்
பானை விளிம்பில் விரலை இருமுறை தட்டுவான்.
ரபீக் அண்ணன் எட்டிப் பார்த்து
“சமையல் வீடியோவாடா?” என்றார்.
“ஆமாண்ணே.”
பொய்யில்லை.

மூன்றாவதின் முடிவில்
அவள் தனியாகக் கஞ்சி காய்ச்சுகிறாள்.
உப்புப் போடுகிறாள்.
விளிம்பில் இருமுறை தட்டுகிறாள்.
அன்றைக்குப் பாட்டு வரவில்லை.
பெயர்கள் மட்டும் சத்தமில்லாமல் மேலே போயின,
அந்தப் பனியைப் போல.
டெம்பர்டு கிளாஸ் மாட்ட மூன்று பேர் காத்து நின்றார்கள்.
என்ன மாடல் என்று கேட்க
எனக்குத் தொண்டை வரவில்லை.

ஸ்பேர் வெள்ளிக்கிழமையே மதுரையிலிருந்து வந்துவிட்டது.
மாட்டினேன். கீழ்ப்பாதி விழித்தது.
விட்ட வார்த்தைகளுக்காக முதலிலிருந்து ஓட்டினேன்,
இங்கிலீஷை எழுத்துக்கூட்டி, நிறுத்தி நிறுத்தி.
கதவருகே அவள் சொன்னது
“போய்விடு” இல்லை.
“சாப்பிட்டாயா?”
வெளியே நிற்பது யாரென்று
இன்னும் சொல்லவில்லை படுபாவிகள்.

சனிக்கிழமை ஆபீஸ் போனிலிருந்து அழைத்தாள்.
“ஸ்டாக் இல்லையாம் மேடம், நாளைக்கு வந்துரும்” என்றேன்.
பொய் என் உள்ளங்கையில்
பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

டீ குடிக்க வெளியே வந்தபோது
எதிர் மாடிக் கொடியில் ஒரு கண்டாங்கிச் சேலை
சட்டென்று இருண்டது.
கிளாஸோடு அண்ணாந்து பார்த்தேன்.
மேகம்.
கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை, நாலாவதின் பதினோராம் நிமிஷத்தில்
அவள் கடைக்குள் வந்துவிட்டாள்.
வாங்கினாள். விரலால் தள்ளிப் பார்த்தாள்.
“கலர் நல்லா இருக்கு.”
விரல் நின்றது.
நாலாவது எபிசோடின் கீழே
பாதிவரை ஒரு சிவப்புக் கோடு.

திட்டுவாள் என்று மேஜையைப் பார்த்து நின்றேன்.
ஸ்க்ரூ ஒன்று கிடந்தது. அவள் போனுடையது இல்லை.

“நான் ரெண்டுதான் பார்த்திருக்கேன்” என்றாள்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
“அந்தச் சமையல்காரன் நல்லா இருக்கானா?”

பில்லில் நூறு ரூபாயை அடித்துவிட்டு நீட்டினேன்.
“இது எதுக்கு?”

“லேட்டானதுக்கு மேடம்” என்றேன்.